பழிக்குப் படித்த துருக்கி மொழி

அவர் சிரித்த ஒரு சிரிப்புக்காகத்தான் நான் துருக்கி மொழி கற்றுக்கொண்டேன். வேறு நல்ல காரணம் எதுவும் கிடையாது.

அவர் என் கணவர். துருக்கியில் சலவைக்கல் அறுக்கும் ஆலை ஒன்றில் இயந்திரம் ஓட்டுகிறார். வருடத்துக்கு ஒரு தடவை, மே மாதத்தில் விடுப்பில் வருவார். அடிவாரத்தில் அவருடைய அப்பாவுக்கு வீடும் தோட்டமும் இருந்தாலும் அந்த ஒரு மாதமும் என்னோடு மலையில்தான் இருப்பார். கீழே வெயில் தாங்காது என்பார். நான் கொல்லிமலையில் கிராம சுகாதாரச் செவிலி. குடியிருப்பது சோளக்காட்டுக்குப் பக்கத்தில். வேலை வளப்பூர் நாட்டுப் பக்கம்; மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் வாசலில் சாக்கை விரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தேன். நைட்டி, மேலே ஒரு துண்டு, தலையில் இன்னொரு துண்டு. அவர் போனில் வீடியோ போட்டு, தான் அங்கே குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். மரத்தில் படர்ந்த மிளகுக்கொடியைக் காட்டப் போனைத் திருப்பினார். நடுவில் நான் தெரிந்துவிட்டேன். அந்தம்மா ஏதோ கேட்டார். இவர் இரண்டே வாக்கியத்தில் பதில் சொன்னார். அந்தம்மா என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி அன்பாக ஏதோ சொன்னார். எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை, இவர் சொல்லிக்கொடுத்தது, ‘மெர்ஹபா’. வணக்கம் என்று அர்த்தம். கத்தியும் கையுமாக மெர்ஹபா சொன்னேன். இவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

பேசி முடித்ததும் கேட்டேன். “ஏனுங்க, அந்தம்மா என்னங்க கேட்டாங்க?”

“ஒண்ணுமில்ல.”

“நீங்க என்னமோ சொல்லிச் சிரிச்சீங்களே?”

“சொன்னாலும் உன்ற மண்டையில ஏறாது. பழத்த அறு.”

என் மண்டையில் பிறந்த குழந்தையிலிருந்து பதினாறு வயது வரைக்குமான தடுப்பூசி அட்டவணை இருக்கிறது. மூன்று ஊர்களில் எந்தப் பெண்ணுக்கு எத்தனை மாதம், யாருக்கு ரத்தம் குறைவு, யாருக்கு முந்தின பிரசவம் சிக்கலானது என்பதெல்லாம் நோட்டைப் பார்க்காமல் சொல்வேன். அந்த மண்டையைத்தான் சொன்னார்.

கையைக் கழுவிவிட்டு உள்ளே போய், காதில் விழுந்ததை என் டைரியின் கடைசிப் பக்கத்தில் தமிழ் எழுத்திலேயே எழுதினேன். கேட்டதைக் கேட்டபடி எழுதுவது எனக்குத் தொழில். அவர் சொன்னது: ‘காரும் ஹஸ்தானெதே. பு, எவ்தே சாலுஷான் காதுன்.’ அந்தம்மா என்னிடம் சொன்னது: ‘கொலாய் கெல்சின்.’

ஜூன் பிறந்ததும் அவர் புறப்பட்டுப் போனார். மறுநாளே ஆரம்பித்தேன். முதலில் போனிடமே அந்த வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்தேன். அது ஏதோ ஒரு ஊருக்கு வழி காட்டியது. யாரிடமாவது எழுதிக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த இரண்டு வாக்கியம் மட்டும் எனக்குப் போதவில்லை. ஏறாது என்று அவர் சொன்ன மண்டையில் அந்த மொழியையே ஏற்ற வேண்டும். பிறகு அவர் முன்னால் வைத்துத் திறந்து காட்ட வேண்டும். அந்த ஆசை எனக்கு ஒரு வெறியாகவே இருந்தது.

போனில் ஒரு பெண் இலவசமாகப் பாடம் நடத்தினாள். அவள் ஆங்கிலத்தில் விளக்குவாள். என் ஆங்கிலம் மருந்துப் பெயர்களோடு சரி. ஒரு பாடத்தை நாலைந்து தடவை நிறுத்தி நிறுத்திக் கேட்பேன். வளப்பூர் நாட்டில் சிக்னல் வராது. அதனால் காலையில் சோளக்காட்டில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸில் கேட்டபடியே போவேன். எண்களை அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் பஸ்ஸில்தான் படித்தேன். மாவட்டக் கூட்டத்துக்காக மாதம் ஒருமுறை நாமக்கல் போய் வர வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் எழுபதுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். பிர், இகி, உச் என்று ஒவ்வொரு வளைவாக எண்ணிக்கொண்டே வருவேன். வாந்தி எடுப்பவர்களுக்கு நடுவில் எழுபதாவது வளைவில் ‘யெத்மிஷ்’ என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

முதல் பாடங்களில் என்னைத் திணற வைத்தது உயிரெழுத்து. அந்த மொழியில் ஒரு சொல்லின் கடைசி உயிர் எப்படியோ, பின்னால் ஒட்டுகிற விகுதியும் அப்படியே மாற வேண்டும். ‘கள்’ என்று நாம் ஒரே மாதிரி சொல்வதை அவர்கள் சில சொற்களில் ‘லார்’ என்றும் சில சொற்களில் ‘லெர்’ என்றும் சொல்கிறார்கள். ஆங்கில எழுத்தில் எழுதுகிற அந்த மொழியில், மேலே புள்ளி வைக்காத ஒரு ‘i’ இருக்கிறது. அதைச் சொல்ல வரவில்லை என்று வெள்ளைக்காரர்கள் பாடத்தின் அடியில் அழுது தீர்த்திருந்தார்கள். கேட்டுப் பார்த்தேன். ‘பாக்கு’, ‘கதவு’ என்று சொல்லும்போது கடைசியில் உதட்டைக் குவிக்காமல் விடுகிறோமே, அந்த உகரம்தான். அது எனக்கு முதல் தடவையிலேயே வந்தது. அன்று எனக்கு இருந்த திமிருக்கு அளவே இல்லை.

பிறகு வேற்றுமை வந்தது. பத்தாம் வகுப்பில் ஐ, ஆல், கு என்று சரியாக ஒப்பிக்காததற்காக முட்டி போட்டிருக்கிறேன். இத்தனை வருடம் கழித்து அது உதவும் என்று யார் கண்டது? ‘எவ்’ என்றால் வீடு. ‘எவே’ வீட்டுக்கு. ‘எவ்தென்’ வீட்டிலிருந்து. ‘எவ்தே’ வீட்டில். பஸ்ஸில் அந்த ‘எவ்தே’யைக் கேட்டதும் டைரியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அவர் வாக்கியத்தில் ஒரு சொல் உடைந்துவிட்டது.

அடுத்த பாடங்களில் ஒவ்வொன்றாக உடைந்தன. ‘காரும்’ என்றால் என் மனைவி. ‘ஹஸ்தானெதே’ என்றால் ஆஸ்பத்திரியில். ‘காதுன்’ பெண். ‘பு’ இது, அல்லது இவள். அந்த மொழியில் அவன், அவள், அது என்ற பிரிவே கிடையாது. சேர்த்துப் பார்த்தேன். ‘என் மனைவி ஆஸ்பத்திரியில். இவள் வீட்டில் ஏதோ செய்யும் பெண்’ என்று வந்தது. அந்த ‘சாலுஷான்’ மட்டும் பிடிபடவில்லை.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஒன்று உண்டு. ‘என் மனைவி ஆஸ்பத்திரியில்’ என்று படித்ததும் நான் மகிழ்ந்துபோனேன். மனைவி ஆஸ்பத்திரி வேலை பார்க்கிறாள் என்று அந்தம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று என்னையே நொந்துகொண்டேன். அந்த சாலுஷானுக்கு ‘அழகு’ என்றோ ‘லட்சணம்’ என்றோ பொருள் இருக்கும் என்று நானாகவே நிரப்பிக்கொண்டேன். அன்றைக்கு அவர் கூப்பிட்டபோது கனிவாகப் பேசினேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். கல் தூசிக்கு மூக்கில் துணி கட்டச் சொன்னேன். இரண்டு நாள் அப்படிப் பேசினேன். அந்த இரண்டு நாள் கனிவை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு எரிகிறது.

மூன்றாம் நாள் வந்தது பெயரெச்சம். வருகிற பஸ், படிக்கிற பெண் என்று நாம் சொல்வது போலவே அவர்களும் வினையைப் பெயருக்கு முன்னால் வைத்துச் சொல்கிறார்கள். வினையோடு ‘ஆன்’ அல்லது ‘என்’ சேர்த்தால் போதும். பாடம் நடத்திய பெண் பலகையில் எழுதிய முதல் எடுத்துக்காட்டு ‘சாலுஷ்’. வேலை செய். ‘சாலுஷான்’, வேலை செய்கிற.

எவ்தே சாலுஷான் காதுன். வீட்டில் வேலை செய்கிற பெண். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. தமிழில் எந்த வரிசையோ அதே வரிசை. ‘என் மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இது வீட்டு வேலைக்காரி.’ அதைத்தான் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

பஸ்ஸிலிருந்து இறங்கினேன். அன்று பதினோரு குழந்தைகளுக்கு ஊசி போட வேண்டியிருந்தது. போட்டேன். ஒரு தாய் என் முகத்தைப் பார்த்து, “நர்ஸம்மா, மேலுக்குச் சுகமில்லைங்களா?” என்று கேட்டாள். “நல்லாத்தான் இருக்கறன் சாமி, கொழந்தையப் பிடி” என்றேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் பெண் என் தோழி. தூத்துக்குடிப் பக்கம், கிறிஸ்தவக் குடும்பம். மாற்றலாகி வந்து நாலு வருடமாக மலையில் இருக்கிறாள். அவளிடம் மட்டும் சொன்னேன்.

“தப்பா எழுதியிருப்பீங்கக்கா” என்றாள். “மனுசன் அப்படியா சொல்லுவாரு?”

“அந்தம்மா எங்கிட்டச் சொன்னதையும் கண்டுபிடிச்சிட்டேன். கொலாய் கெல்சின்னா, எளிதா வரட்டும்னு அர்த்தம். வேலை செய்யறவங்களப் பார்த்தா அப்படித்தான் சொல்லுவாங்களாம். ரோடு போடறவங்க, மூட்டை தூக்கறவங்க, அவங்களுக்கு.”

அவள் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்த கத்திரியைக் கீழே வைத்தாள். “போனைப் போட்டுக் கேளுங்கக்கா. இப்பவே கேளுங்க.”

“கேட்க மாட்டேன். படிச்சு முடிக்கோணும்.”

அதன் பிறகு நான் படித்த படிப்பு வேறு. கோபத்தில் படித்தால் இலக்கணம் எத்தனை வேகமாக ஏறுகிறது என்பதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அந்த மொழியில் ‘சொய்லெ’ என்றால் சொல். ‘யாலான்’ என்றால் பொய். இறந்த காலம் முழுவதையும் இந்த ஒரு வினையை வைத்தே படித்தேன். யாலான் சொய்லெதிம், நான் பொய் சொன்னேன். சொய்லெதின், நீ சொன்னாய். சொய்லெதி, அவன் சொன்னான். ‘நீ’ வரும் இடத்தில் மட்டும் குரல் தானாக உயரும். பஸ்ஸில் போகும்போது, துணி அலசும்போது, எடை பார்க்கும் தொட்டிலில் குழந்தையைக் கிடத்தும்போதெல்லாம் சொய்லெதின், சொய்லெதின் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

அந்த மொழியில் எனக்கு மிகவும் பிடித்தது ‘மிஷ்’. நேரில் பார்த்ததற்கு ஒரு இறந்த காலம். பிறர் சொல்லிக் கேட்டதற்கு வேறொன்று. வெள்ளைக்காரர்கள் இதற்கும் அழுதிருந்தார்கள். நமக்கு அது ‘ஆம்’. வந்தான், வந்தானாம். அவ்வளவுதான். தோழியிடம், “அவரோட பொண்டாட்டி தொக்தொர்முஷ்” என்பேன். டாக்டராம். இருவரும் மருந்து அறையில் கண்ணில் நீர் வரச் சிரிப்போம். அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்பது என் ஊகம்தான். ஆஸ்பத்திரியில் இருக்கிற அந்த மனைவி செவிலியாக இருந்தால் என்னை மறைக்க வேண்டிய அவசியம் இல்லையே.

வாரா வாரம் அவர் கூப்பிடுவார். சோறு தின்றாயா, மழை பெய்ததா என்பார். நான் பழையபடியே பதில் சொல்வேன். ஒரு வருடம் ஒரு சொல்லையும் வெளியே விடவில்லை. அப்படி ஒரு பொறுமை எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

மறு மே மாதம் வந்தார். முதல் நாளே அந்தம்மாவின் போன். நான் அடுப்படியில் நின்று கேட்டேன். மனைவி எங்கே என்று அந்தம்மா கேட்டது முழுசாகப் புரிந்தது. ஆபரேஷனில் இருக்கிறாள் என்று இவர் சொன்னதும் புரிந்தது. என் ஊகம் தப்பவில்லை, நான் டாக்டர்தான். தாளிப்புக் கரிந்துபோனது.

பத்து நாள் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நாளில் எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. அவருடைய துருக்கி மொழி மகா மட்டம். ஆலையில் காதால் கேட்டுப் பழகிய பேச்சு அது. நாலு வாக்கியம் சரளமாக வரும். அதற்கு மேல் போனால் விகுதியெல்லாம் உதிர்ந்துவிடும். ‘நான் நாளை போ, நீ நேற்று வா’ என்கிற கணக்கில் பேசுகிறார். ‘லார்’ வரும் இடத்தில் ‘லெர்’ போடுகிறார். இத்தனை வருடமாக நான் அண்ணாந்து பார்த்த சங்கதி இதுதானா என்று பாத்திரத்தை விளக்கிக்கொண்டே சிரித்தேன். வேறு எதுவும் செய்யாமல் அதோடு நிறுத்தியிருந்தாலும் எனக்குப் பாதித் திருப்தி கிடைத்திருக்கும். ஆனால் பாதியில் விடுகிற மனநிலையில் நான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சோளக்காட்டு மார்க்கெட்டுக்குப் போனோம். பலாவும் அன்னாசியும் குவிந்திருந்தன. அவர் வீடியோ போட்டு அந்தம்மாவுக்கு மார்க்கெட்டைச் சுற்றிக் காட்டினார். நான் பின்னால் இரண்டு கையிலும் பைகளோடு போய்க்கொண்டிருந்தேன். அவர் திரும்பியபோது போனில் மறுபடியும் நான் விழுந்தேன். அந்தம்மா முகம் மலர்ந்து, “கொலாய் கெல்சின்!” என்றார்.

பைகளைக் கீழே வைத்தேன். கையை முந்தானையில் துடைத்தேன். அவர் கையிலிருந்து போனை வாங்கினேன். ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவரும் கொடுத்துவிட்டார்.

ஒரு வருடமாகத் தினமும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் அவை. நன்றி என்றேன். நான் டாக்டர் இல்லை, செவிலி என்றேன். “பென் ஒனுன் காருசுயும்.” நான் அவருடைய மனைவி. “ஒன் அல்து யுல் எவ்லியிம்.” பதினாறு வருடம் கல்யாணம் ஆனவள்.

“யுல்துர்” என்றார் அந்தம்மா.

பதினாறு வருடமாக என்று சொல்வதற்கு அங்கே ஒரு ‘துர்’ சேர்க்க வேண்டும். நான் விட்டுவிட்டேன். என் வாழ்க்கையின் மிகப் பெரிய வாக்கியத்தில் ஒரு விகுதி குறைந்துவிட்டது. யோசிக்காமல், குழந்தையைத் திருத்துவது போல அவர் திருத்தினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, “ஒன் அல்து யுல்துர்” என்று திரும்பச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் நான் சொன்ன விஷயம் அந்தம்மாவுக்கு உறைத்தது. மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு போனுக்குக் கிட்டே வந்தார்.

“காருசு முசுன்?” மனைவியா நீ?

“எவெத்.” ஆமாம்.

பக்கத்தில் நின்ற இவருடைய முகத்தை அப்போதுதான் பார்த்தேன். ரத்தம் வற்றிப்போன முகங்களை நான் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த முகங்களைக் கண்டால் எனக்கு இரக்கம் வரும். இந்த முகத்தைக் கண்டபோது வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று இருந்தது. அந்தம்மா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “ஆயுப்”, வெட்கக்கேடு, என்றார். பிறகு இன்னொரு தடவை, மெதுவாக. இவர் கையை நீட்டி அழைப்பைத் துண்டித்தார்.

அன்னாசி விற்றுக்கொண்டிருந்த பெண் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். “ஏனுங்க நர்ஸம்மா, அது என்ன பாசைங்க? இந்திங்களா?”

“துருக்கிங்க” என்றேன்.

“அப்படீங்களா” என்று சொல்லி நல்ல பழமாக இரண்டு பொறுக்கிக் கொடுத்தாள்.

வீடு வரைக்கும் பைகளை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “எப்பக் கத்துக்கிட்ட?” என்றார்.

“நீங்க சிரிச்ச மறு மாசம்.”

உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். ஆலையில் சேர்ந்த புதிதில் யாரோ மனைவி என்ன செய்கிறாள் என்று கேட்டார்களாம். டாக்டர் என்று வாயில் வந்துவிட்டதாம். அதிலிருந்து எல்லாரும் மரியாதையாக நடத்தினார்களாம். பிறகு மாற்ற முடியவில்லையாம். எல்லாம் ‘ஆம்’தான், நான் நேரில் பார்க்கவில்லை.

“நர்ஸுன்னு சொல்ல அந்த நேரத்துல வாய் வரல.”

“செரி, டாக்டர்னு சொன்னீங்க. என்னை எதுக்கு வேலைக்காரின்னு சொன்னீங்க?”

அவர் எழுந்து போய்ப் பைகளிலிருந்த பழங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

நாலாம் நாள் அவரை ஒரு காரியம் செய்யச் சொன்னேன். ஆலையில் யார் யாரிடம் டாக்டர் என்று சொன்னாரோ, அவர்களைக் கூப்பிட்டு, என் முன்னால் வைத்து, துருக்கி மொழியில் உண்மையைச் சொல்ல வேண்டும். அழும் முகத்தோடு ஐந்து பேரைக் கூப்பிட்டார். நான் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது ஆளிடம் பேசும்போது விகுதியைத் தப்பாகச் சொன்னார். நான் சரியானதைச் சத்தமாகச் சொன்னேன். திருத்திச் சொன்னார். அந்தப் பக்கத்து ஆள் சிரித்தது கேட்டது. இது கொடுமை என்று தோழி பிறகு சொன்னாள். “போதும்க்கா, விட்டுருங்க. மன்னிச்சிருங்க” என்றாள். மன்னிப்பது அவளுக்குப் பழக்கம். ஞாயிறுதோறும் கோயிலில் அதைத்தான் கேட்கிறாள். எனக்கு வரவில்லை. ஐந்து பேரிடமும் சொல்லி முடித்த பிறகு எனக்குள் பெரிய நிம்மதி எதுவும் இறங்கவும் இல்லை. ஆறாவதாக ஒருவன் இருக்கமாட்டானா என்றுதான் இருந்தது.

விடுப்பு முடியும் முன்பே அவர் அடிவாரத்துக்கு, அப்பா வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்தே துருக்கிக்குத் திரும்பினார். அந்த வீட்டுக்காரம்மா மட்டும் எப்படியோ என் எண்ணை வாங்கி எனக்குக் கூப்பிட்டார். மெதுவாகப் பேசினார். எனக்குப் பாதி புரிந்தது. அவரை வீட்டைக் காலி பண்ணச் சொல்லட்டுமா என்று கேட்டார் போலிருக்கிறது. ஒரு நிமிடம் யோசித்தேன். சரி என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்றேன், அங்கேயே, உங்கள் கண் முன்னாலேயே இருக்கட்டும் என்று சொல்லத் தெரிந்தவரை சொன்னேன். அவருக்குப் புரிந்தது.

நான் பாடத்தை விடவில்லை. இப்போது ‘வருவேன், போவேன், பார்ப்பேன்’ என்கிற காலத்துக்கு வந்திருக்கிறேன். உறுதியும் இல்லாமல் மறுப்பும் இல்லாமல் சொல்கிற காலம் அது.

போன வாரம் அவரிடமிருந்து செய்தி வந்தது. முதல் தடவையாக எனக்குத் துருக்கி மொழியில் எழுதியிருந்தார். மே மாதம் மலைக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தார். கேள்விக்கு நாம் போடுகிற ‘ஆ’ போல அங்கே ‘மு’வோ ‘மி’யோ தனியாக எழுத வேண்டும். இவர் சேர்த்து எழுதியிருந்தார். அப்போது நான், லீவில் போன செவிலிக்குப் பதிலாக, வாழவந்தி நாட்டில் ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்தேன். உள்ளே பிறந்து ஒன்பது நாளான குழந்தை அழுதுகொண்டிருந்தது.

‘பாகாருஸ்’ என்று பதில் எழுதினேன். பார்க்கலாம். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, எடை பார்க்கும் தொட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.